எறும்புத் தண்ணீர்

தாகம் என்று ஒருவன் சொன்னால் முதலில் தண்ணீரைக் கொடுங்கள். விசாரணையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை, நகை வேலை செய்கிற பத்தர். காரைக்குடியில் கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு இருபத்து நாலு வயதானபோது, அந்தத் தாகம் வந்தது. அதுவரை ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்பார்களே, அப்படி ஒரு உடம்பு. அந்த உடம்பு என்னை இரண்டு அறைகளில் கொண்டுபோய் அடைத்த கதை இது.

தாகம் கொஞ்சம் கொஞ்சமாக வரவில்லை. மாசி மாதம் ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொம்பு குடித்தேன். இன்னொரு சொம்பு குடித்தேன். மத்தியானத்துக்குள் பானை காலி. அதிலும் ஒரு வேடிக்கை, வெந்நீரோ மோரோ நீராகாரமோ உள்ளே போனால் தாகம் அடங்குவதில்லை. குளிர்ந்த தண்ணீர்தான் வேண்டும். என் மனைவி காமாட்சி சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்கி, மரத்தூளைக் கழுவிவிட்டுச் சாக்குத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவாள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. புதுப் பெண்டாட்டியிடம் ஒருவன் பட்டுப்புடவைக்குப் பதில் ஐஸ் கேட்டது அந்தத் தெருவில் நானாகத்தான் இருக்கும்.

குடித்ததெல்லாம் அப்படியே வெளியே போயிற்று. நிறமில்லை, வாடையில்லை, கிணற்றில் மொண்டது மாதிரியே இருக்கும். ராத்திரியில் தூக்கமே இல்லை. குடிப்பதும் போவதுமாக விடிந்துவிடும்.

தெருவில் எல்லோரிடமும் காரணம் தயாராக இருந்தது. எங்கள் தொழில் நெருப்புக்கு முன்னால் உட்காரும் தொழில். உமிச்சட்டியில் கனலை வைத்து, ஊதுகுழலை வாயில் வைத்து, நாளெல்லாம் ஊத வேண்டும். அதனால் எங்கள் ஆட்களுக்குக் கண் சிவந்தாலும் சூடு, கட்டி வந்தாலும் சூடு, பிள்ளை பிறக்கத் தாமதமானாலும் சூடு. "நெருப்புக்கு முன்னாடி குந்துறவனுக்குத் தாகம் எடுக்காம ஐஸ் வண்டிக்காரனுக்கா எடுக்கும்?" என்றார் பக்கத்துப் பட்டறைக்காரர். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வெந்தயத்தை விழுங்கினேன். ஒன்றும் கேட்கவில்லை.

காமாட்சி மட்டும் வேறு ஒன்றை நினைத்துப் பயந்தாள். சர்க்கரை வியாதி இருந்தால் சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். தினமும் காலையில் கொல்லை மூலையில் போய்க் குனிந்து பார்ப்பாள். நான் கதவோரம் நின்று தீர்ப்புக்குக் காத்திருப்பேன்.

"ஒரு எறும்பு கூட இல்லீக" என்பாள் திரும்பி வந்து. எறும்பு வராததால் நோயும் இல்லை என்று இருவரும் முடிவு கட்டினோம்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளத்தூர்ச் செட்டியார் வீட்டு ஆச்சியிடமிருந்து வேலை வந்தது. மகளுக்கு ஆனியில் கல்யாணம். கழுத்துரு செய்ய வேண்டும். கழுத்துரு என்பது செட்டிநாட்டுப் பெண்களின் திருமாங்கல்யம், பல உருப்படிகளைச் சேர்த்துக் கோப்பது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து பிழைப்பே நொண்டிக்கொண்டிருந்த காலம், இந்த மாதிரி வேலை வருவது பெரிய விஷயம். இதைப் பத்தர் தன் பட்டறையில் செய்துகொண்டு போய்க் கொடுப்பதில்லை. நல்ல நாள் பார்த்து அந்த வீட்டுக்கே போய், முற்றத்தை ஒட்டிய பத்தியில் உமிச்சட்டியை வைத்து, வீட்டு ஆள் ஒருவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கச் செய்ய வேண்டும். காலையில் தங்கத்தை எடை போட்டுக் கொடுப்பார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு எழும்போது எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். இதில் யாரும் யாரையும் அவமதிப்பதாக நினைப்பதில்லை. பார்க்க ஆள் இருப்பது பத்தருக்கும் காவல்தான்.

ஆச்சியே எனக்கு எதிரே உட்காருவார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். அவர் உள்ளே போனால் கணக்கப்பிள்ளை வந்து உட்காருவார். அவர் அதற்கும் சேர்த்துப் பேசுவார்.

அந்த வீட்டில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. வாய் காய்ந்தால் ஊதுகுழலில் உதடு ஒட்டிக்கொள்ளும், மூச்சு சீராக வராது, பற்று வைத்து ஒட்டிய இடம் உருகிப்போகும். அதனால் பக்கத்திலேயே ஒரு பித்தளைக் குடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். ஊதுவேன், ஒரு சொம்பு மொண்டு குடிப்பேன், மறுபடி ஊதுவேன். அப்புறம் எழுந்து கொல்லைக்குப் போக வேண்டும். நான் எழுந்தால் கணக்கப்பிள்ளையும் எழுவார். அந்த வீட்டின் முன்வாசலிலிருந்து கொல்லைக்கு ஒரு தெரு நீளம். பாவம், அவருக்கு முழங்கால் வலி.

"என்ன பத்தரே, ஊருணியையே குடிச்சுப்புடுவீக போலருக்கே" என்றார் முதல் நாள். இரண்டாவது நாள் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது நாள் மத்தியானம் எடை குறைந்தது.

குறைந்தது சின்ன மணி ஒன்று. உருப்படியின் மேல் அரும்பாக ஒட்டுவதற்காக நான் உருட்டி வைத்தவற்றில் ஒன்றைக் காணோம். உமிச் சாம்பலைச் சலித்தார்கள். பாயை உதறினார்கள். என் வேட்டியை உதறினார்கள். தலைமுடியைக்கூட விரித்துப் பார்த்தார்கள். நானும் சேர்ந்து தேடினேன். கடைசியில் கணக்கப்பிள்ளையின் கண் குடத்தின் மேல் போய் நின்றது.

"ஆச்சி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்கிறாதீக. நல்லாருக்கிற மனுசன் எவனும் இம்புட்டுத் தண்ணி குடிக்கமாட்டான். தண்ணியோட தண்ணியா உள்ள போயிருச்சு. அதான் சங்கதி."

"அய்யா, எனக்குத் தாகம். வந்து பத்துப் பதினைஞ்சு நாளாச்சு" என்றேன்.

"மூணு நாளாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார். குடத்தைத் தூக்கி மிச்சத் தண்ணீரை முற்றத்தில் கவிழ்த்தார். கருங்கல் தளத்தில் ஓடிச் சாக்கடைக் கண்ணில் இறங்கிப் போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் திருட்டுப் பட்டத்தைவிட அந்தத் தண்ணீர் போவதுதான் எனக்கு வலித்தது.

ஆச்சி என் பக்கம் திரும்பினார். "பத்தரே, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா திருமாங்கல்யத் தங்கம். குறையோட விட முடியாது" என்றார். உள்ளே போயிருந்தால் வெளியே வரட்டும் என்று முடிவாயிற்று. ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய் கொண்டுவந்தார்கள். நான் குடித்தேன். குடிக்காவிட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். ஒரு மண்சட்டியையும் என்னையும் பலகார அறைக்குள் விட்டு வெளியே தாழ் போட்டார்கள். எல்லாம் சட்டியில்தான். பார்த்துவிட்டு அனுப்புவார்களாம். அதுவரை தண்ணீர் கிடையாது.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. மேலே ஒரு சின்னக் கண்ணாடி ஓடு, அதிலிருந்து விழும் வெளிச்சம் மட்டும். ஊறுகாய் ஜாடிகள், எண்ணெய்த் தூக்குகள், சுவரோரம் பலகாரம் வைக்கும் பெரிய மர அலமாரி. தேக்கங்கதவை நான் தட்டியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. விளக்கெண்ணெய் தன் வேலையைச் செய்தது. சிறுநீரும் நிற்கவில்லை. இதுதான் என்னை நடுக்கிவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை, ஆனாலும் குடம் குடமாகக் குடித்தவனுக்குப் போகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. எங்கிருந்து வருகிறது? என் உடம்பிலிருந்துதான் வருகிறது. நான் கரைந்து போய்க்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது.

முற்றத்தில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். அந்தச் சத்தம் கேட்கக் கேட்கக் காதைப் பொத்திக்கொண்டேன். நேரம் போகப் போகத் தலை கிறுகிறுத்தது. அறை எங்கே, நான் எங்கே என்றே பிடிபடவில்லை. அலமாரியைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தபோது கை ஈரத்தில் பட்டது.

அந்த அலமாரியின் கால்கள் ஒவ்வொன்றும் ஒரு கல் கிண்ணத்துக்குள் நின்றன. பலகாரத்துக்கு எறும்பு ஏறாமலிருக்க அந்தக் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி வைப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். தூசி படிந்து, செத்த எறும்புகள் மிதக்கும் தண்ணீர். நான் குப்புறப் படுத்து, அலமாரிக்கு அடியில் தலையை நுழைத்து, நாய் குடிப்பதுபோல் நக்கிக் குடித்தேன். ஒரு கிண்ணம் முடிந்ததும் அடுத்த காலுக்கு ஊர்ந்து போனேன்.

கதவைத் திறந்தபோது விளக்கு வைக்கும் நேரம் என்று பிறகு சொன்னார்கள். கணக்கப்பிள்ளை, "பாத்தீகளா ஆச்சி, அலமாரிக்கு அடியில ஒளிக்கிறாரு" என்றது காதில் விழுந்தது. ஆச்சி குனிந்து பார்த்தார். என் தாடையில் ஒட்டியிருந்த எறும்புகளைப் பார்த்திருக்க வேண்டும்.

"எறும்புத் தண்ணியக் குடிச்சிருக்காக" என்றார். குரல் மாறியிருந்தது. "கார எடுக்கச் சொல்லுங்க, கணக்கப்பிள்ளை. நிக்காதீக."

காரைக்குடி டாக்டரிடம் போகும் வழியெல்லாம் ஆச்சி வீட்டு ஆள் ஒருவர் சொம்பை என் வாயில் பிடித்தபடியே வந்தார். டாக்டர் கை நரம்பில் ஊசி குத்தி, பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். சிறுநீரில் நீல மருந்தைக் கலந்து கொதிக்க வைத்துப் பார்த்தார். சர்க்கரை இருந்தால் நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், ரொம்ப இருந்தால் செங்கல் நிறமாகும் என்று விளக்கினார். என்னுடையது நீலமாகவே நின்றது.

"சர்க்கரை இல்லை. மனசுல எதையோ வச்சுக்கிட்டு இப்படிக் குடிக்கிறே. பயம் போனா தாகம் போயிரும்" என்றார். அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தை எனக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மனசில் பயம், பள்ளத்தூரில் ஒரு மணி குறைந்தது, இரண்டையும் சேர்க்க யாருக்கும் பெரிய மூளை வேண்டியதில்லை. வளையல் செய்யக் கொடுத்திருந்த ஒரு வீட்டார் மறுநாளே வந்து தங்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எங்கள் தொழிலில் கை சுத்தமில்லை என்று ஒரு வீட்டில் பேச்சு வந்தால் போதும், வேறு எந்த வீட்டு முற்றத்திலும் பாய் விரிக்க முடியாது. ஆக, நோய் என்று நிரூபித்தால்தான் நான் மனிதன். இல்லாவிட்டால் பைத்தியம் அல்லது திருடன்.

அன்று காமாட்சி என் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "கோவப்படாதீக. தெரியாம போயிருக்குமா? தண்ணி குடிக்கும்போது?"

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஈரக் கையோடு மணியைத் தொட்டிருக்கிறேன், அதே கையால் சொம்பைப் பிடித்திருக்கிறேன். சட்டியில் மணி கிடைக்கவில்லைதான், ஆனால் அதற்குள் எல்லாம் வந்திருக்குமா என்று எனக்கே தெரியாது. என் வயிற்றைப் பற்றி எனக்கே சாட்சி சொல்ல முடியாமல் போனது பெரிய கொடுமை.

தெரிந்தவர் ஒருவர் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பஸ்ஸில் போனதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. காமாட்சி மடியில் ஒரு கூஜா, காலடியில் ஒரு குடம். திருப்பத்தூர் தாண்டுவதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கண்டக்டர், "இது பஸ்ஸுண்ணே, உங்க வீட்டு மாட்டு வண்டி இல்ல" என்றார். நியாயம்தானே. மூன்றாவது முறை காமாட்சியே எழுந்து நின்று, "என் வீட்டுக்காரருக்குச் சொகமில்ல. நிறுத்தலேன்னா இங்கனயேதான்" என்றாள். அதற்குப் பிறகு கேட்காமலேயே நிறுத்தினார்.

மதுரையில் என்னைப் பார்த்த பெரிய டாக்டர் முதலில் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அதற்கே எனக்குக் கண் கலங்கியது. பிறகு அவர் கேட்ட கேள்விகள் விசித்திரமாக இருந்தன. தாகம் என்றைக்கு வந்தது, சொல்ல முடியுமா? முடியும், இன்ன நாள் காலை. குளிர்ந்த தண்ணீர்தான் கேட்குதா? ஆமாம். தலையில் அடி பட்டதா?

அடியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. தாகத்துக்குச் சில நாள் முன்பு கோட்டையூர்ச் சாலையில் சைக்கிளோடு பாலத்துக் கல்லில் விழுந்தேன். கொஞ்ச நேரம் நினைவில்லை. எழுந்து ஒரு சோடா குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். டாக்டர் என் முடியை விலக்கித் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

நல்ல உடம்போடு இருக்கும் வாலிபனுக்குத் திடீரென்று தாகம் வந்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதலில் சர்க்கரை. இளவயதில் வருவது மூர்க்கமானது, எறும்பையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே போய்ச் சோதிக்க வேண்டும். அது இல்லையென்றால் சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்கும் சக்தியை இழந்திருக்கலாம். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறினாலும் இப்படித் தாகம் எடுக்கும். சில மருந்துகளாலும் வரும். மனக்கோளாறால் குடம் குடமாகக் குடிப்பவர்களும் உண்டு. இதெல்லாம் போக மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பிலிருந்து தண்ணீரை வீணாக விடாதே என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடும் சுரப்பு அதிலிருந்துதான் வருகிறது. தலையில் அடிபட்டாலோ கட்டி வந்தாலோ அந்த உத்தரவு நின்றுவிடும். பேர் என்னவோ இதற்கும் நீரிழிவுதான். ஆனால் இதில் சர்க்கரைக்குச் சம்பந்தமே இல்லை.

"எல்லாரும் நீங்க நிறையக் குடிக்கிறதால நிறையப் போகுதுன்னு நினைச்சிட்டாங்க தம்பி. போறதாலதான் நீங்க குடிக்கிறீங்கன்னு எனக்குத் தோணுது. ஆனா தோணினா போதாது, நிரூபிக்கணும்."

சுரப்பி இருக்கும் இடத்தில் கட்டி உண்டா என்று பார்க்கத் தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டி இல்லை. நான் மேசையில் படுத்தபடியே, வயிற்றையும் ஒரு படம் எடுக்க முடியுமா என்று கேட்டேன். தங்கம் இருந்தால் தெரியுமா? டாக்டர் சிரிக்கவில்லை. பளிச்சென்று தெரியும் என்றார், ஆனால் விழுங்கியிருந்தாலும் இதற்குள் வெளியே போயிருக்கும். அப்படியென்றால் நான் விழுங்கினேன் என்றும் காட்ட முடியாது, விழுங்கவில்லை என்றும் காட்ட முடியாது. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சோதனை. அது என்ன சோதனை தெரியுமா? ஓர் அறையில் அடைத்துத் தண்ணீர் கொடுக்காமல் வைப்பது.

டாக்டர் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டேன். "அய்யா, இதை ஏற்கனவே பள்ளத்தூர்ல செஞ்சு பாத்துட்டாக" என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். இங்கே ஒரு சிஸ்டர் உங்களோடேயே உட்கார்ந்திருப்பார், மணிக்கு மணி எடை பார்ப்போம், ஆபத்தென்றால் அந்த நிமிஷமே நிறுத்துவோம் என்றார். வீட்டில் யாரும் இதைச் செய்துபார்க்கக் கூடாது, உயிரே போகும், பள்ளத்தூரில் நான் பிழைத்தது என் அதிர்ஷ்டம் என்றும் சொன்னார். பிறகு, "நடுவில ஒரு வாய் குடிச்சாலும் சோதனை செல்லாது. அப்புறம் மனசு வியாதின்னு சொல்றவங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

காலையில் ஆரம்பித்தது. குழாயைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மூலையில் இருந்த பூச்சாடியைக்கூட எடுத்துவிட்டார்கள். முன்பு ஒரு நோயாளி அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டாராம். கேட்டதும் எனக்கு அவர் மேல் ஒரு பாசம் வந்தது. சிஸ்டர் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார், ஆச்சி உட்கார்ந்த மாதிரியே. மணிக்கொரு தரம் என்னைத் தராசில் ஏற்றினார். என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அதில் ஒரு மிதவையை விட்டு எவ்வளவு கனம் என்று பார்த்தார். தண்ணீர் குடிக்காத மனிதனுக்கு அது கனத்துக்கொண்டே போக வேண்டும். எனக்கு வெறும் தண்ணீராகவே இருந்தது. தராசில் மட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது.

முற்பகலிலேயே உதடு வெடித்தது. கொஞ்ச நேரத்தில் நான் சிஸ்டரிடம் கெஞ்ச ஆரம்பித்துவிட்டேன். பிறகு திட்டினேன். அவர் எதற்கும் கோபப்படவில்லை. கதவு பூட்டியில்லை, சும்மா சாத்தித்தான் இருந்தது. பள்ளத்தூரில் தாழ் போட்டிருந்தார்கள், தட்ட ஒரு கதவாவது இருந்தது. இங்கே எழுந்து நடந்தால் வராந்தாவில் குழாய். நான்தான் என்னைப் பூட்டி வைத்துக்கொண்டிருந்தேன். அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சிஸ்டர் மிதவையைக் கழுவ வெளியே போன நேரத்தில் ஜன்னலில் காமாட்சி முகம் தெரிந்தது. உறவுக்காரர்கள் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் முந்தானையைக் குழாயில் நனைத்துச் சுருட்டி, கம்பிக்குள் நீட்டினாள். நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரும் பாக்கல. சப்பிக்கிருங்க. எனக்குப் பாக்க முடியல" என்றாள்.

என் வாய் தானாகத் திறந்தது. ஒரு விரல் தூரத்தில் ஈரத்தின் வாடை அடித்தது. அவளிடம் பேசக்கூட நாக்கு புரளவில்லை. தலையை ஆட்டினேன். அவள் மறுபடி நீட்டினாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அழ வேண்டும்போல் இருந்தது, கண்ணில் அதற்கும் தண்ணீர் இல்லை. அவள் அழுதது மட்டும் கேட்டது. பிறகு காலடிச் சத்தம் போய்விட்டது.

பிற்பகலில் டாக்டர் வந்து எடையைப் பார்த்தார். "போதும், நிறுத்துங்க" என்றார். எண்ணெயில் கலந்த சுரப்பு மருந்தை ஊசியாகப் போட்டார்கள். அளந்து அளந்து தண்ணீர் கொடுத்தார்கள். அந்த முதல் வாயைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு அதிசயம் நடந்தது. சிறுநீர் குறைந்தது, மஞ்சளாயிற்று, மிதவை உயர்ந்து நின்றது. டாக்டர் அந்தக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காமாட்சியைக் கூப்பிட்டுக் காட்டினார். மஞ்சள் தங்கத்தைப் பார்த்தே வளர்ந்த இரண்டு பேர் அன்று அந்த மஞ்சளைப் பார்த்துப் பூரித்துப் போனோம். பள்ளத்தூர்த் தராசில் குறைந்தது என்னைத் திருடன் என்றது. மதுரைத் தராசில் குறைந்தது இல்லை என்றது.

ஊசி மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். சின்னக் குப்பியின் அடியில் பழுப்பாக ஒரு துளி ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் மருந்து. குப்பியைச் சூடாக்கி நன்றாகக் குலுக்காவிட்டால் வெறும் எண்ணெய்தான் ஏறும். ஊசி போடுகிற நாளில் காமாட்சி அதைக் காலையிலிருந்தே உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டிருப்பாள். மருந்தும் லேசில் கிடைக்காது, விலையும் யானை விலை. அவள் வளையல்கள் போயின. செய்தவன் நான், விற்றவனும் நான். வளையல் இல்லாத கைக்குள் குப்பி இன்னும் நன்றாகச் சூடேறுகிறது என்று என்னைக் கேலி செய்வாள். தலையடியால் வந்தது சில பேருக்குத் தானாகவே சரியாகும், சில பேருக்கு ஆயுசுக்கும் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வைகாசியில் ஊசி தேவைப்படும் இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு நாள் நின்றுவிட்டது. நான் கொடுத்து வைத்தவன்.

நோய் போயிற்று, பேச்சு போகவில்லை. இது நோய்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை யாரிடம் போய்க் காட்டுவது? ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை.

அப்போது ஒரு நாள் கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். ஆச்சி வரச் சொன்னாராம், கழுத்துரு அப்படியே இருக்கிறதாம். நல்ல நாள் பார்த்து ஒரு கை தொட்ட திருமாங்கல்யத்தை இன்னொரு கையிடம் கொடுப்பது அந்த வீட்டு வழக்கமில்லை.

"விளக்கெண்ணெய் காச்சியாச்சா?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "வாங்க பத்தரே" என்றார். நான் மாட்டேன் என்றுதான் இருந்தேன். காமாட்சிதான் என் ஊதுகுழலைத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

பள்ளத்தூர் வீட்டில் அதே இடத்தில் பாய் விரித்திருந்தது. ஆச்சி உள்ளேயிருந்து வந்து, என் கையை நீட்டச் சொல்லி எதையோ வைத்தார். அந்த மணி. கல்யாணத்துக்காக முற்றத்துச் சாக்கடைக் கல்லைப் பெயர்த்துக் கழுவியபோது சேற்றில் மின்னியதாம். ஈரக் கையோடு ஒட்டிக் குடத்துக்குள் விழுந்திருக்கிறது. எனக்குத் தண்ணீர் கூடாது என்று குடத்தைக் கவிழ்த்தபோது அதுவும் சேர்ந்து போயிருக்கிறது. கணக்கப்பிள்ளை தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

ஆச்சி மன்னிப்பென்று வாய் திறந்து கேட்கவில்லை. ஒரு பித்தளைக் குடத்தில் விளிம்பு வரை குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். "நீங்க பாட்டுக்குச் செய்யுங்க பத்தரே. இனி இங்குட்டு யாரும் உக்கார வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

எனக்கு உள்ளே சுருக்கென்றது. இரக்கத்துக்காக என்னைப் பார்க்காமல் விடுவதும் ஒரு வகைப் பட்டம்தான்.

"இல்ல ஆச்சி. உக்காருங்க. பாத்துக்கிட்டு இருங்க" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். நான் உமிச்சட்டியை மூட்டினேன். வாயில் எச்சில் ஊறியது, ஊதுகுழலில் மூச்சு இழையாக ஓடியது. ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. மத்தியானம் எடை போட்டோம், சரியாக இருந்தது. கணக்கப்பிள்ளை சரி என்று சொன்னபோது ஆச்சி தராசைப் பார்க்கவே இல்லை. என் பக்கத்தில் இருந்த குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பு வரை அப்படியே நிறைந்திருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

எனக்குத் தாகம் இல்லை. இருந்தாலும் ஒரு சொம்பு மொண்டு, அவர் பார்க்கக் குடித்தேன்.